வெட்டித் தள்ளிய ராஸ்பெர்ரி

போன வாரம் வீட்டுத் தோட்டத்தில் ராஸ்பெர்ரிச் செடிகளுக்குக் கவாத்து செய்தேன். அரை மணி நேர வேலை. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, எல்லாக் குச்சிகளையும் வெட்டித் தள்ளினேன். பெருமையாக போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

அவிநாசி வெயிலில் ராஸ்பெர்ரியா என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டுச் சிரித்தேன். என் மனைவி வசந்தா சிரிக்கவில்லை. கோத்தகிரி நர்சரியில் வாங்கி வந்து, நிழல்வலை கட்டி, போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றி, இரண்டு வருடம் வளர்த்தாள். எல்லாம் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்காக. அவள் போனில் அந்தப் பழத்தைக் காட்டிய அன்று, "நீ வர்றப்ப நம்மூட்டுலயே பறிச்சுத் திங்கலாம் கண்ணு" என்று வசந்தா வாக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று வருடம் கழித்து, அடுத்த மாதம் மகள் வருகிறாள். பத்தே நாள் லீவு.

வசந்தா ஒரு கல்யாணத்துக்காகக் குண்டடம் போயிருந்தபோதுதான் எனக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. நாங்கள் பட்டுப்புழு வளர்த்த குடும்பம். மல்பெரியைத் தரையோடு வெட்டினால்தான் தழை கொழிக்கும். இதுவும் செடிதானே?

திரும்பி வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, எல்லாத்தையும் வெட்டிப்போட்டீங்களா?"

"ஆமா, நல்லாத் தழையட்டும்னுதான்."

"தழைய வெச்சு என்னங்க பண்றது? போன வருசம் வந்த குச்சியிலதானுங்க இந்த வருசம் காய்க்கும். மொட்டு வெச்சிருந்துதுங்களே..."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம், "வெட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுக்குங்க" என்று தினமும் சொல்கிறவன் நான். வீட்டில் மட்டும் கேட்கத் தோன்றுவதில்லை. கேட்காமல் செய்துவிட்டு, அதற்கு சர்ப்ரைஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். நம் ஆண்களில் எத்தனை பேர் இப்படி?

அடியில் புதிதாகத் துளிர்க்கிறது. அது காய்க்க இன்னும் ஒரு வருடம். அப்போது மகள் எங்கே இருப்பாளோ? வசந்தா இப்போதெல்லாம் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. தண்ணீர் ஊற்றுவது நான்தான்.

நேற்று வீடியோ காலில் மகள் கேட்டாள். "அம்மா, பழம் வந்துருச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல கண்ணு. நம்மூரு வெயிலுக்கு அது தாங்கல" என்றாள்.

வெயில் பாவம் — அது இரண்டு வருடமும் அந்தச் செடியை விட்டுத்தான் வைத்திருந்தது.