செசிலியா அக்காவின் வரிசை

சுங்கை பஞ்சாங்கில் அரிசி ஏற்ற லோரியோடு காத்திருந்தபோது செசிலியா அக்காவின் மகன் அழைத்தான். “அண்ணே, அம்மா போயிட்டாங்க. பசியாறிட்டு உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க.” எனக்கு முதலில் அக்காமேல் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு ஞாயிறு இருந்திருக்கக் கூடாதா?

நம் தோட்டத்துச் சிற்றாலயத்தில் அவரை அறியாதவர் உங்களில் எவருமில்லை. வாரநாளில் பள்ளி வேன் ஓட்டுவார். ஞாயிறு வழிபாட்டை நடத்துவார். என் அப்பா காலத்திலும் சாமியார் எப்போதாவதுதான் வருவார். இடையில் செபம் சொன்னதும் இறந்தவர்களை அடக்கம் செய்ததும் உபதேசியார்கள், எல்லோரும் ஆண்கள். இப்போது ஃபாதருக்கு ஐந்து ஆலயங்கள், நமக்கு மாதம் ஒரு திருப்பலி. மற்ற ஞாயிறுகளில் அவர் பேழையில் வைத்துவிட்டுப் போன நற்கருணை அப்பத்தை அக்கா வழங்குவார்.

ஃபாதர் வரும் நாளில் இருவரும் வழங்குவார்கள். ஃபாதரின் வரிசை வாசல்வரை நீளும். அக்காவின் முன்னால் நாலு பேர் நிற்பார்கள். ஃபாதரே ஒருமுறை சங்கடப்பட்டார். “பஸ் நிக்கறப்ப வேன்ல யாரு ஏறுவா? விடுங்க ஃபாதர்,” என்றார் அக்கா.

பெண்களையும் ஃபாதருக்கு அடுத்த படியான திருத்தொண்டர்களாக்குவார்களா என்று ஆலயக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “அத ரோமாபுரியில பேசட்டும் லா. எனக்கு இன்னிக்குப் பார்க்க மூணு நோயாளி இருக்காங்க,” என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏக்கம் இருந்ததா? நான் கேட்டதில்லை.

கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. நான் கீபோர்ட் வாசிக்கிறவன். அக்கா மட்டுமே நற்கருணை வழங்கும் ஞாயிறுகளில் பாட்டை இழுத்துக்கொண்டே இருப்பேன். வாசிக்கிறவன் எப்படி எழுந்து வருவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை வேறு. பெண் கையிலிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஃபாதர் வந்தால் மட்டும் என் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடும். அக்கா கவனிக்காமலா இருப்பார்?

“தம்பி, ஊருக்கே பந்தி நடக்க வாசிக்கிற. நீ எப்பதான் பசியாறுவ?” என்று ஒருநாள் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

போன மாதம், எல்லோருக்கும் வழங்கி முடித்துவிட்டு, கிண்ணத்தோடு என் கீபோர்டின் அருகிலேயே வந்து நின்றார். நான் பாட்டைக் காட்டி வேண்டாமென்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய்ப் பேழையைப் பூட்டினார்.

அடக்கத் திருப்பலியில் ஃபாதரின் வரிசை வாசலைத் தாண்டியது. அக்கா நிற்கும் இடத்தில் உலு யாம் ஆலயத்திலிருந்து வந்த ஒரு பெண் கிண்ணத்தோடு தனியாக நின்றார். நான் பாட்டின் நடுவிலேயே கையை எடுத்துவிட்டேன். உங்களில் சிலர் திரும்பிப் பார்த்தீர்கள். கரண்ட் போய்விட்டதென்று நினைத்திருப்பீர்கள். நான் போய் அந்தப் பெண்ணின் முன் கையேந்தினேன்.

“கிறிஸ்துவின் உடல்,” என்றார்.

“ஆமென்,” என்றேன். அக்காவிடம் சொல்லாமல் இத்தனை நாள் நான் வைத்திருந்த ஆமென் அது.