நாற்பத்தொன்றாம் கிண்ணம்

அகதியாகப் படகில் வந்த என்னை ஆஸ்திரேலியாவில் முதலில் வைத்திருந்தது ஒரு தீவுத் தடுப்பு முகாமில். அதனால் விடுமுறைக்குத் தீவு என்று மனைவி சொன்னபோது விருப்பமில்லை. ஆனால் சிட்னி முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் செய்த களைப்பில், மறுத்துப் பேசத் தெம்பும் இல்லை.

விடுமுறைக்குப் போன தீவின் கடற்கரையில் ஒரு தைவான் பெண் ஐஸைப் பூப்போலச் சீவி, மாம்பழம் போட்டு, ட்ரக்கில் விற்றாள். காசை வாங்கிக்கொண்டு, வரிசை எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டை எங்களுக்குத் தந்தாள். 41.

"நாற்பத்தொன்று!" என்று அவள் கூப்பிட்டதும் விறைத்துப்போனேன். முகாமில் என்னை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"எனக்குப் பெயர் இருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன்.

"என்னப்பா இது, அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தது?" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

அந்தப் பெண் ட்ரக்கை விட்டு இறங்கி, உருகத் தொடங்கிய கிண்ணத்தோடு வந்தாள். "மன்னியுங்கள். உங்கள் பெயர் என்ன?" சொன்னேன். இரண்டு தரம் தடுமாறி, மூன்றாம் தரம் சரியாகச் சொல்லி, கிண்ணத்தை நீட்டினாள்.

வெட்கத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்.

"அண்ணை, பன்னிரண்டு இண்டைக்கு வாய் திறக்கிறா இல்லை."

"பன்னிரண்டுக்குக் கஸ்டர்ட் குடுத்துப் பார். சாப்பிடும்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு என்பது அறை எண். அதில் இருக்கும் வயதான அம்மாவுக்கு மூன்று வருடமாக நான்தான் ஊட்டுகிறேன்.

ஐஸ் முழுக்க உருகும்வரை யோசித்தேன். அவருடைய பெயர் வரவில்லை.