சின்ன நாற்காலியில் மைமூன் அக்கா

வெள்ளிக்கிழமை காலை பூஜையை முடித்து உலை வைத்திருந்தேன். போனில் மைமூன் அக்காவின் மகள் நஸீமா. "சாச்சி, உம்மா மௌத்தாயிட்டாங்க. காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனேன், எந்திரிக்கல." சித்தியை அவர்கள் வீட்டில் சாச்சி என்பார்கள். நான் அவளுக்கு அந்த முறைதான். அடுப்பை அணைத்துவிட்டு, களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நம் கிளை நூலகத்துக்கு வருகிறவர்களில் மைமூன் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. அதிராம்பட்டினத்தில் பிறந்து, நம் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கடையில் கூட்டம் குறைகிற மத்தியானங்களில் நூலகத்தில்தான் இருப்பார்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். கோயிலில் பதிகம் பாடுகிறவர்களோடு நின்று, புத்தகத்தில் விரல் வைத்துத்தான் வாசிக்கப் பழகினேன். நூலகத்துக்கு முதலில் போனதும் பதிகங்களுக்கு உரை தேடித்தான். கவிதைப் புத்தகங்கள் கடைசி அலமாரியின் அடித்தட்டில் இருக்கும். அதற்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உரை நூலா? அந்தப் பக்கம் இருக்கு. அதுக்கு முன்னாடி இத ஒண்ணப் பாத்துட்டுப் போங்க."

சின்னப் பாட்டு. மதகு திறந்ததும் கடைமடை வயலுக்கு முதலில் வந்து சேர்வது தண்ணீர் அல்ல, தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் சருகு என்றது. பிறந்ததிலிருந்து நான் பார்த்து வருவதுதான். அதை ஒருவர் பாட்டாக எழுதுவார் என்று எனக்குத் தெரியாது.

"இதுல சாமி இல்லையேக்கா" என்றேன்.

"தண்ணி வந்திருச்சுல்ல தங்கச்சி, அப்புறம் என்ன" என்றார்.

அன்று உரை நூலோடு அந்தப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பிறகு இருவருமாக அந்த அடித்தட்டை ஒரு முனையிலிருந்து படித்து வந்தோம். அவர் எடுத்ததை நான் அடுத்து எடுப்பேன். பிடிக்காத புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "இவரு பாவம், யாரோ அவசரப்படுத்தியிருக்காங்க" என்பார். கவிஞர்களை அதற்கு மேல் திட்டமாட்டார்.

பிறகு சர்க்கரை நோய் அவர் கண்ணுக்குள் இறங்கியது. தஞ்சாவூரில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கடைசியில் வெளிச்சம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஒரு நாள் நஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்கு வந்தார்.

"அட்டை இருக்கட்டும். உங்க வீட்டுக்கு வந்து நான் படிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

"வீட்டுல உக்காந்தா நான் சீக்காளி. இங்க வந்தாத்தான் வாசகி" என்றார்.

அப்படியே நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அமைதி வேண்டும். நூலகர் அம்மாதான் யோசித்து, வாய்விட்டுப் படிக்க அனுமதியுள்ள ஒரே இடம் குழந்தைகள் பிரிவு என்றார். அங்கே முழங்கால் உயரத்துக்குத்தான் நாற்காலிகள். அக்கா தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டேன். எந்திரிக்கத்தான் ஆள் தேட வேண்டி வரும்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு வரவு செலவைப் பைசா பிசகாமல் எழுதுகிறவள் நான். கவிதையிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் நேராக வேண்டும். ஒரு வரி படிப்பேன், நிறுத்தி விளக்கம் சொல்வேன். சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ணுதான் போச்சு, புத்தி இருக்கு. நீங்க சாமிகிட்டப் பாடுறப்ப நிறுத்தி நிறுத்தி அவருக்கு அர்த்தம் சொல்லுவீங்களா?"

சுருக்கென்றது. வீடு வரைக்கும் கோபத்தோடுதான் நடந்தேன். மறுநாள் போய் விளக்கமில்லாமல் படித்தேன். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். சில வரிகளுக்கு அவர் விரல்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். உரையில் நான் தேடியது அந்த விரல்களில் இருந்தது. அதன் பிறகுதான் நானே வருஷக்கணக்காய்ப் பாடி வந்த பதிகங்கள் என் காதில் விழத் தொடங்கின.

சிறுநீரகமும் பழுதானதும் நூலகம் வருவது நின்றது. இனி அவர் கையில் கவிதை எதுவும் மிஞ்சாதே என்றுதான் நான் வருந்தினேன். அப்படி ஆகவில்லை. மாலை நேரத்தில் போன் செய்து, நான் படித்துக் காட்டியவற்றை அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வேன். "கேக்குறீங்களா, இல்ல குழம்பக் கிண்டுறீங்களா?" என்று இடையில் ஒரு அதட்டல் வரும்.

கடைசியாகப் பேசியது போன புதன்கிழமை. கடற்கரையில் பனிமூட்டத்துக்குள் நின்று காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதை. படகுகளைக் கரைக்கு இழுக்கிறார்கள். அக்கா இப்படி முடித்தார்:

"மணல் உரசும் ஓசையிலேயே
யார் வந்தது என்று தெரிகிறது."

எனக்கு அந்த இடம் நினைவில் இல்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். படகுகள் கரையேறுவதோடு கவிதை முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். அந்த இரண்டு வரிகள் அச்சில் எங்கும் இல்லை.

அவை தன்னுடையவை என்று அக்காவுக்குத் தெரியுமா, புத்தகத்தில் இருப்பதாகவே நினைத்தாரா? அடுத்த முறை பேசும்போது கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் நஸீமாவின் போன் வந்துவிட்டது.

அவருடையதாக என்னிடம் இருப்பவை அந்த இரண்டு வரிகள். நம் நூலக வாசகர் வட்டத்தில் அந்தக் கவிதையைப் படிக்கும் முறை எனக்கு வந்தால் அவற்றோடு சேர்த்தே படிப்பேன். யாராவது புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினால் திருத்தட்டும். இப்போது மாலையில் விளக்கேற்றிப் பதிகம் பாடி முடித்ததும் அந்த வரிகளையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.