ஒரே சேலையில் ஐந்து படங்கள்

ராமாத்தாளின் ஓட்டைத் தொண்ணூற்றொன்றாம் வருஷத் தேர்தலில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள். "உங்க ஓட்டு விழுந்துபோச்சுங்க, ஊட்டுக்குப் போங்க" என்று சாவடியில் சொன்னார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. சண்டை போட நேரமில்லை, திரும்பிவிட்டாள். ஆனால் மறக்கவில்லை. நாலு வருஷம் கழித்து, கம்ப்யூட்டரில் படம் பிடித்து வாக்காளர் அட்டை தருகிறார்கள் என்றதும் தெருப் பெண்கள் நாலு பேரைக் கிளப்பியவள் அவள்தான்.

படம் என்றால் பட்டு கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். தெருவில் நல்ல பட்டு ராமாத்தாளிடம் மட்டுமே இருந்தது, மாம்பழ நிறத்தில். ஒருத்தி அவிழ்க்க அடுத்தவள் கட்டினாள். முகாமில் நால்வரும் வெட்கத்தில் குனிந்துகொண்டதால், கம்ப்யூட்டர்த் திரையில் சேலைதான் தெளிவாக விழுந்தது. அவர்கள் வேலைக்குப் போன பிறகு ராமாத்தாள் கடைசியாக வந்தாள்.

"ஏனுங்கம்மா, எத்தனை அட்டை வேணும்? காலைல இருந்து இந்தச் சீலை அஞ்சாந்தடவை வருது!" என்றான் குமாஸ்தா கிருபாசங்கர்.

"சீலை வந்திருக்குமுங்க. நான் இப்பத்தானுங்க வாரேன்."

வரிசையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கள்ள அட்டை போனால் அவன் வேலை போகும். ஐந்து பெயர்களையும் நிறுத்தி வைத்தான். முகாம் நாலு மணியோடு முடிகிறது. மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ராமாத்தாள் அழவில்லை, கெஞ்சவில்லை. பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

"கூடையக் கீழ வைங்க. கிளம்புங்க."

"கூலியப் புடிச்சுபோடுவாங்கக்கா!" என்றாள் நால்வரில் ஒருத்தியான முத்தாத்தாள்.

"புடிக்கட்டும். உன் ஓட்டையும் எவனோ போட்டாப் பரவால்லியா கண்ணு?"

மூன்றரைக்கு ஐவரும் மேசை முன் வரிசையாக நின்றார்கள், நால்வர் காலில் தோட்டத்துச் சேறு.

"எண்ணிக்கங்க சார். சீலையப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாருங்க."

அவன் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு ஒத்துப் பார்த்தான். பிறகு நால்வரையும் நிமிரச் சொல்லி, இருந்த கோலத்திலேயே மறுபடி பிடித்தான். ராமாத்தாளை நிமிரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல். கட்சி ஏஜெண்ட் பட்டியலில் விரலை வைத்து, "இந்தப் பேருக்கு முன்னயே ஓட்டு..." என்று இழுத்தான். ராமாத்தாள் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், விரலை எடுத்துக்கொண்டான்.

விரலில் மை வாங்கிக்கொண்டு, தன் ஓட்டைத் தானே போட்டாள்.