மூன்று கால் பிளக்

எங்கள் அத்தை மலாயாவிலிருந்து வந்தபோது கையோடு கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு விளக்கும்தான். பெட்டியை யாரும் கண்டுகொள்ளவில்லை. விளக்கைப் பார்க்க எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையே திரண்டு வந்தது. பித்தளைத் தண்டு, அதன்மேல் பச்சைக் கண்ணாடித் தொப்பி, அடியில் கனமான இரும்புப் பாதம். பக்கத்து வீட்டு அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கனத்தைத் தூக்கீட்டா கடல் தாண்டி வந்தீங்க?" என்று கேட்டாள். அத்தை சிரித்து மழுப்பினாள்.

அப்பாவுக்கு அப்போது மலைமேல் செம்மேட்டில் ஆபீஸ் உத்தியோகம். மலைக்குக் கரண்டு வந்த புதிது. ஆபீசுக்கும் அதை ஒட்டிய குவார்ட்டர்சுக்கும் மட்டும் முதலில் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கூடத்துக்கு ஒரு பல்பு, அடுப்படிக்கு ஒரு பல்பு. அது போகக் கூடத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். அதில் மாட்டுவதற்கு எங்களிடம் ஒரு பொருளும் கிடையாது. ஆபீசர் வீட்டில் அதே மாதிரிப் பாயிண்ட்டில் ரேடியோ பாடும். எங்கள் வீட்டில் அது இரண்டு வட்ட ஓட்டைகளோடு சும்மா முழித்துக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் விளக்கை மாட்ட முடியவில்லை. அதன் பிளக்குக்கு மூன்று கால். மூன்றும் வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாக இருந்தன. இரண்டு சின்னக் கால், தலைப்பக்கம் ஒரு பெரிய கால். அப்படியொன்றை அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை. அப்பா ஆபீசிலிருந்து வந்த அலுப்போடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெட்டிப்போட்டு நம்மூரு பிளக்கு ஒண்ணு மாட்டிப்போடலாம் அம்மிணி. வேலை ஒண்ணும் பெருசில்லை."

"வெட்ட வேண்டாங்கண்ணா. அவரு வந்து கூட்டீட்டுப் போனதுக்கப்புறம் அங்க எப்படி மாட்டறது?" என்றாள் அத்தை.

அவர் என்றால் மாமா. அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி. "நீ முன்னால போய் உங்க அண்ணன் வீட்டுல இரு, இங்க காரியத்தை ஒழுங்கு பண்ணிட்டு நானே வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லி அத்தையைக் கப்பலேற்றிவிட்டிருந்தார். என்ன காரியம், எப்போது ஒழுங்காகும் என்பதெல்லாம் அத்தைக்கே தெரியவில்லை. வருவார் என்று மட்டும் தெரியும். அவளுடைய மிச்ச நாளெல்லாம் அந்த ஒன்றில்தான் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவுக்குத் தங்கை பேச்சைத் தட்டவும் மனமில்லை, விளக்கைச் சும்மா வைக்கவும் மனமில்லை. என் நச்சரிப்பு வேறு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெட்டாமலேயே எரியவைக்கிறேன் பார் என்று உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் பிளக் இல்லாதவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான்: வயர் நுனியைச் சுரண்டி ஓட்டைக்குள் விட்டு, அது நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகுவது. அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். தனியாக இரண்டு துண்டு வயர் எடுத்து, ஒரு பக்க நுனிகளைச் சுவரோட்டைகளில் தீக்குச்சியோடு சொருகினார். மறுபக்க நுனிகளைப் பிளக்கின் காலில் சுற்றப் பார்த்தார். இரண்டு வயர், மூன்று கால். எந்த இரண்டில் சுற்றுவது என்பதில்தான் குழப்பம். பெரிய காலில்தான் கரண்டு அதிகம் இருக்கும் என்று முடிவு கட்டி அதில் ஒன்றைச் சுற்றினார். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏனுங்க, எதுக்குங்க இந்த வம்பு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். அவள் விடியலிலிருந்து நின்ற காலோடு நின்றுகொண்டிருந்தவள்.

அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயரைச் சின்னக் கால்கள் இரண்டுக்கும் மாற்றிச் சுற்றினார். இந்தத் தடவை விளக்கு எரிந்தது. பச்சைத் தொப்பி முழுக்க வெளிச்சம் ஏறி, கூடத்துச் சுவர் இளம்பயிர் நிறமாகிவிட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கையைத் தட்டினேன். தட்டின கை சேர்வதற்குள் வயர்கள் ஒன்றோடொன்று உரசி 'டப்' என்றது. எங்கள் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. வரிசை முழுக்க இருட்டாகி, ஆபீசர் வீட்டு ரேடியோவும் பாட்டைப் பாதியில் விழுங்கிவிட்டது. மறுநாள் ஆபீசில் அப்பா என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எங்களிடம் சொல்லவில்லை. வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஒண்ணு வெட்டணும், இல்லாட்டிக் கட்டி மேல வெச்சுப்போடணும். என்னால முடியாது" என்று சொல்லிப் பாயில் சாய்ந்துவிட்டார்.

அத்தை கட்டியும் வைக்கவில்லை, வெட்டவும் விடவில்லை. விளக்கை ஜன்னலடியில் நிறுத்தித் தினமும் துடைத்தாள். பிளக்கின் கால்களை முந்தானையால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள், களிம்பு பிடித்துவிடுமாம். அம்மா பார்த்துப் பார்த்து ஒரு நாள், "எரியாத வெளக்கைத் தொடச்சு என்ன ஆகப்போகுது? இந்த அரிசியையாச்சும் பொடச்சா ஒரு வேலை முடியும்" என்றாள். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டாள். அம்மா கெட்டவள் இல்லை. ஒரு சம்பளத்தில் இன்னொரு வாயும், அந்த வாய் சொல்லாமல் வைத்திருந்த துக்கமும் சேர்ந்து அவளை அயரவைத்திருந்தன. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யார் பேசினாலும் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும், முடிக்கத் தெம்பில்லாததுபோல.

சந்தை நாளில் மட்டும் அத்தை தலையை நன்றாக வாரிக்கொண்டு கிளம்புவாள். சந்தைக்குக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு ராவுத்தர் துணி மூட்டையோடு மலையேறி வருவார். அவருடைய தம்பி மலாயாவில் மாமா இருந்த ஊரிலேயே கடை வைத்திருந்தார். அந்த ஊர்ச் சேதி எதுவும் அவர் வழியாகத்தான் வரவேண்டும். அத்தை போய் நிற்பாள். ராவுத்தர், "சேதி ஒண்ணும் வரலை தங்கச்சி" என்பார். அத்தை ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். துணிக்காகத்தான் வந்தேன் என்று காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மழை விட்ட ஒரு சந்தை நாளில் நானும் கூடப் போனேன். ரிப்பன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். ராவுத்தர் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்ததை உதறிவிட்டு மறுபடியும் மடித்தார். பிறகு குனிந்தபடியே தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நான் பக்கத்துக் கடையில் தொங்கிய ரிப்பன்களில் எது வேண்டும் என்ற பெரிய யோசனையில் இருந்தேன். மாமா அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார், குழந்தையும் பிறந்துவிட்டது என்பதைத்தான் அவர் அன்று சொன்னார். எனக்கு இது தெரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு, அம்மா சொல்லி. அன்று எனக்குக் கேட்டதெல்லாம் கடைசியாக அவர் சொன்னது மட்டும்தான்: "இனி நீங்க பார்த்துட்டு நிக்காதீங்க தங்கச்சி."

அத்தை சரி என்றாள். நேராக ரிப்பன் கடையைத் தாண்டி, டார்ச் பேட்டரியும் பல்பும் விற்கிற கடைக்குப் போனாள். "ரெண்டு கால் பிளக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். என் ரிப்பன் அவள் நினைவிலேயே இல்லை. நான் வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நாலு அடி பின்னாலேயே நடந்தேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் பிளக்கை நீட்டினாள். "இதை மாட்டிப்போடுங்கண்ணா."

அப்பா பிளக்கைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "எதுக்கு இப்ப அவசரம்? இருக்கட்டுமே, அம்மிணி."

"வேண்டாங்கண்ணா. வெட்டீருங்க."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கத்தியைத் தேடி எடுக்க வழக்கத்தைவிட நேரமானது. வயரை வெட்டினார். நுனிகளைச் சுரண்டிப் புதுப் பிளக்குக்குள் விட்டு முறுக்கினார். சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை நின்று எரிந்தது. விளக்கு வைக்கிற நேரம். அம்மா பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தையின் தோளில் வைத்தாள். அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். "மாமா வந்து கூட்டீட்டுப் போனா, அங்க இதை எப்படி மாட்டுவீங்க அத்தை?"

"அங்க இனி இது வேண்டியதில்லை கண்ணு."

அப்படியானால் விளக்கு எங்களுக்கே. எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. சந்தோஷத்தில் ரிப்பனைக்கூட மறந்துவிட்டு, அறுந்து கிடந்த பழைய பிளக்கை விளையாடக் கேட்டேன். அத்தை அதைக் கைக்குள் மூடி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விரலைத் திறந்தாள்.

வாசல் மண் மழையில் ஊறிப் பதமாக இருந்தது. பிளக்கை மண்ணில் அழுத்தினால் மூன்று விரல் பதிந்த பாதம்போல அழகாக விழுந்தது. வேலிப் படலடியிலிருந்து வாசற்படி வரைக்கும் வரிசையாகப் பதித்தேன். கிருஷ்ண ஜெயந்திக்குக் கோலமாவில் பாதம் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. முடித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.

"அத்தை, வந்து பாருங்க. யாரோ நம்ம ஊட்டுக்கு வாராங்க."

அத்தை வந்தாள். படலிலிருந்து படிவரை அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, படியிலிருந்து தொடங்கிப் படல் வரைக்கும் ஈர மண்ணை வழித்துப் பெருக்கினாள். விளக்கு வைத்தபின் வாசல் கூட்டக்கூடாது என்று என் கையிலிருந்து எத்தனையோ தடவை விளக்குமாற்றைப் பிடுங்கியவள் அம்மா. அன்று தடுக்காமல் நிலையைப் பிடித்தபடியே நின்றாள். என் விளையாட்டைக் கலைத்துவிட்டாள் என்று நான் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அழுதது நான் ஒருத்திதான்.