எதையும் கேட்காத பிள்ளை

திக்வெல்லையில் புத்த விகாரைக்குப் பின்னால் இருக்கிற பாலர் பள்ளியில் பதினொரு வருடமாக நான் இலைக்கஞ்சி காய்ச்சுகிறேன். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விடுவதும் நான்தான். பாடம் சொல்லிக் கொடுப்பவர் இந்திரகாந்தி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார். அவர்கள் வெளிநாடு போன பிறகும் அதே நான்கு சேலைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டி வந்தார்.

ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கடை விளையாட்டு. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து மஞ்சாடிக் கொட்டை கிடைக்கும். ஊஞ்சலுக்கு இரண்டு, களிமண்ணுக்கு ஒன்று, கலர் பென்சிலுக்கு ஒன்று. தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மிச்சம் வைத்தால் நாளைக்கு ஆகும். எதை வாங்க வந்தாலும் டீச்சர் முதலில், "இது தேவையா, ஆசையா?" என்று கேட்பார். பிள்ளைகள் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பொடியன், "ஊஞ்சல் தேவைதான் டீச்சர், காலு ரெண்டும் அழுவுது" என்று சொல்ல, டீச்சர் சிரித்துக்கொண்டே ஊஞ்சலில் ஏற்றிவிட்டார்.

பெட்ரோலும் சமையல் காஸும் பால்மாவும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. பெற்றோருக்கெல்லாம் அந்த விளையாட்டு பெரிய உதவியாக இருந்தது. பிஸ்கட் கேட்டு அழுத பிள்ளைகள் அழுகையை விட்டன. அவர்களில் தெனுகி என்ற ஐந்து வயதுப் பெண் எல்லோரையும் மிஞ்சினாள். அவளுடைய அப்பா லயனல் ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு நாள் வரிசையில் நின்று பெட்ரோல் போட்டு, ஒரு நாள் ஓட்டுவார். அம்மா நில்மினி அப்போது மாசமாக இருந்தாள். தெனுகி தினமும் ஒரு கொட்டைதான் செலவு செய்வாள். சில நாள் அதுவும் கிடையாது. மற்றவர்கள் விளையாடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் நடந்தது. டீச்சர் தெனுகியை முன்னால் நிறுத்தினார். "இந்தப் பிள்ளை எதையுமே கேக்காது. பெரியவங்க நாமளே இவகிட்ட கத்துக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று தெனுகியின் முகம் மலர்ந்ததைப் போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும்தான் கை தட்டினேன்.

அதன் பிறகு அவள் இன்னும் அமைதியானாள். கூப்பிட்டால் சில சமயம் திரும்ப மாட்டாள். கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டதோ என்று டீச்சர் என்னிடம் ஒருமுறை சொன்னார். கழுத்தைச் சாய்த்தே உட்காருவாள். அதையும் நாங்கள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஜூன் மாதம் ஒரு காலை, கஞ்சிக் கோப்பையைக் கொடுக்கும்போது அவள் கை கொதித்தது. முகத்தைத் துடைத்துவிட்டேன். இடது காதுக்குள் பஞ்சு அடைத்திருந்தது. தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சு. எடுத்ததும் சீழ் வடிந்தது, நாற்றம் தாங்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து மண்டியிட்டு, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டார். புத்தாண்டு முடிந்ததிலிருந்து என்றாள்.

"வீட்ல ஏன்டாம்மா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். பெட்ரோல் தீந்துரும் டீச்சர்" என்றாள் தெனுகி. "அது அப்பாவுக்குத் தேவை. நான் பொறுத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டு டீச்சரின் முகத்தையே பார்த்தாள். அந்தக் காய்ச்சலிலும், டீச்சர் பாராட்டுவார் என்று காத்திருந்தாள்.

டீச்சர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினார். மீன் ஏற்றிப் போன லாரியை மறித்து ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். செவிப்பறை அழுகிப் போயிருந்தது. அந்தக் காது இனிமேல் சரியாகக் கேட்காது என்று டாக்டர் சொன்னார்.

லயனல் கோபப்பட்டிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க நல்லதத்தான சொல்லிக் குடுத்தீங்க. பெத்தவங்க நாங்கதான் பாக்காம விட்டோம்" என்றார் அவர். நில்மினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் தன்னைப் பற்றி முதல்முறையாக என்னிடம் பேசினார். சின்ன வயதில் தானும் எதையும் கேட்டதில்லையாம். மேலே படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்தும், வீட்டில் பணம் இல்லையென்று தெரிந்து, அதை அம்மாவிடம் காட்டவேயில்லையாம். அம்மா வந்தவர்களிடமெல்லாம், "என் மகள் தங்கம்" என்று சொல்வாளாம்.

"அதுக்காகவே வாழ்ந்துட்டேன் சுஜீவா," என்றார். "எனக்குத் தெரிஞ்சதத்தான அந்தப் பிள்ளைக்கும் குடுத்தேன்."

அடுத்த வாரம் கடை விளையாட்டை மாற்றினார். வலி, பசி, பயம் இவை மூன்றுக்கும் கொட்டை வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்லலாம், சொன்னால்தான் நல்ல பிள்ளை என்றார். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பசியே இல்லாதவனும் பசி என்று வந்து நின்றான். டீச்சர் எல்லோருக்கும் கஞ்சி கொடுத்தார். தெனுகி மட்டும் வரவில்லை. மடியில் வைத்துக் கேட்டாலும், "எனக்கு ஒண்ணும் வேணாம் டீச்சர்" என்பாள். ஒரே கூட்டத்தில் கற்றுக்கொண்டதை ஆறு மாதம் முயன்றும் டீச்சரால் மறக்க வைக்க முடியவில்லை.

மூன்று வருடம் கழித்து, தம்பிகளிடம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பணம் கேட்டார் டீச்சர். ஒருவன் அனுப்பினான். கொழும்பில் தெனுகியின் காதுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சீழ் நின்றது. கேட்கும் சக்தி திரும்பவில்லை.

தெனுகி இப்போது பெரிய பள்ளியில் நாலாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். தம்பிக்குச் சோறு ஊட்டி, அவன் வைத்த மிச்சத்தைத் தின்கிறாள் என்று நில்மினி சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை.

போன மாதம் பள்ளி விடும் நேரத்தில் மழை கொட்டியது. தெனுகி குடையில்லாமல் எங்கள் வாசலைக் கடந்து போனாள். ஒரு வார்த்தை சொல்லி ஒதுங்கியிருக்கலாம். டீச்சர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவளுக்கு இடப்பக்கம், அந்தக் கேட்காத காதின் பக்கம், நாங்கள் இருந்தோம். அவள் நடந்துகொண்டே இருந்தாள். டீச்சர் குடையை விரிக்கக்கூட மறந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் மழையில் இறங்கி ஓடினார்.