கணவாயில் அவள் சொன்னது

இமயமலைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒட்டன்சத்திரத்தில் அப்பாவோடு தக்காளி மண்டி. அவளுக்குத் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வேலை. விடியுமுன் நான் மண்டிக்குப் போய்விடுவேன். அவள் பஸ் பிடித்து வீடு திரும்பும்போது தூங்கி வழிந்துகொண்டிருப்பேன். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம். நாங்கள் தனியாக உட்கார்ந்து பேசியது குறைவு. அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை.

“கூட்டத்தோட டூர் வேணாம்ங்க. நம்ம ரெண்டு பேரும் பையை முதுகுல மாட்டிக்கிட்டு நடந்தே போவோம்,” என்றாள்.

அம்மா சிரித்தார். “நடக்கறதுக்குப் பழனி பக்கத்துலயே இருக்குது. அதுக்கு அத்தனை தூரம் போகோணுமா?”

ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகுப் பைக்குள் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறிப் பழகினோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இறங்கியதும் பிரியாணி. எனக்கு அதுவே போதும்போல இருந்தது.

இமயமலையில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்னால் நடந்தார். மேலே போகப் போக மரங்கள் நின்றுபோயின. புல், அப்புறம் வெறும் கல், அப்புறம் பனி. சப்பாத்திக்கு இட்லிப்பொடியைத் தொட்டுத் தின்றோம். கூடாரத்துக்குள் அவள் கால்விரல்களை என் கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொள்வேன். மண்டியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவளும் அப்படித்தான் இருக்கிறாள் என்று நம்பினேன்.

கணவாயை அடைந்த அன்று வானம் அப்படியொரு நீலம். வழிகாட்டி கற்குவியல் ஒன்றின் முன் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

“இனி வருஷா வருஷம் வந்துரோணும்,” என்றேன்.

அவள் அழுதாள். குளிரில் கண் கலங்குகிறது என்று நினைத்தேன்.

“ஊருக்குப் போனதும் நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேங்க.”

“போயிட்டு வா. கொஞ்ச நாள் இருந்துட்டு வா.”

“இல்லங்க. திரும்பி வரமாட்டேன்.”

எனக்கு மூச்சு முட்டியது. அந்த உயரத்தில் எல்லோருக்கும் முட்டும்.

“நான் என்ன தப்புப் பண்ணுனேன்?”

“ஒண்ணுமே பண்ணல. உங்க மேல எனக்குக் கோவம்கூட வரல. வீட்டுல அம்புட்டுப் பேர் இருக்கிறதாலதான் நமக்குள்ள ஒட்டலைன்னு நெனச்சேன். தனியா இருந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இங்க தனியாத்தானங்க இருக்கோம்?”

வழிகாட்டி வந்து எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

அங்கேயே பிரிந்து போக வழியில்லை. கீழே இறங்கச் சில நாட்கள் நடக்க வேண்டியிருந்தது. இருந்தது ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. முன்பு போலவே அவள் தேநீர் போட்டாள், நான் கூடாரம் மடித்தேன். ஓர் ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவள் ஓடி வந்து, நனைந்த காலணியைக் கழற்றி, தைலம் தேய்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். என் பையிலிருந்த கனமான சாமான்களைத் தன் பைக்கு மாற்றிக்கொண்டாள். இறக்கம் முழுக்க என் கை அவள் தோளில் இருந்தது.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“இம்புட்டு அக்கறை இருக்குதல்ல? அப்புறம் ஏன்?” என்று கேட்டேன்.

அவள் நடையை நிறுத்தாமல், “அடிபட்டது யாரா இருந்தாலும் தூக்கிக்கிட்டுத்தாங்க வருவேன்,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் துளிக் கடுமையும் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் ஸ்டாண்டு வரை ஒரே ஆட்டோவில் போனோம். என்னை ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தாள். அப்புறம் தன் அம்மா ஊரான தாடிக்கொம்புக்குப் போகும் டவுன் பஸ்ஸைத் தேடிப் போனாள். முதுகுப் பையோடு கூட்டத்தில் புகுந்து போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார்கள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. அதனால் சமாதானம் பேசவும் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சண்டையில்லாமலே விவாகரத்து ஆயிற்று.

போன மாதம் மண்டிக்கு லாரி கொண்டுவரும் டிரைவர் ஒருவர், புதிதாகக் கல்யாணமானவர், வந்து கேட்டார்.

“ஏனுங்க, நீங்க அந்தப் பனிமலைக்கெல்லாம் போனீங்களாமே? எங்க வீட்டுலயும் ஆசைப்படுறாங்க. போலாமுங்களா?”

எந்த மாதம் போவது, என்ன காலணி வாங்குவது, மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று எல்லாம் சொன்னேன். தக்காளிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்றை மட்டும் சொல்ல நினைத்து, வாய்வரை வந்து, விட்டுவிட்டேன். அங்கே போனதும் உங்கள் பேச்சை நிறுத்தி, உங்கள் மனைவி சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள் என்று.